சைக்கிள் ரேஸுக்கு கோச் தேடும்போது

நல்ல கோச் ஒருவரிடம் முதன்முதலாகப் போனில் பேசும்போது அவர் கேட்கும் கேள்விகளைக் கவனியுங்கள். "வாரத்துக்கு எத்தனை மணி நேரம் உங்களால ஓட்ட முடியும்?" என்பார். நாம் உற்சாகத்தில் பத்து, பன்னிரண்டு என்று சொல்வோம். "போன மாசம் எவ்வளவு ஓட்டினீங்க?" என்பார். போனைத் திறந்து கூட்டிப் பார்த்தால் வாரத்துக்கு ஆறரை மணி நேரம்தான் தேறும். அந்த ஆறரையைக் குறித்துக்கொள்வார். பிறகு வேலை ஷிப்டா, இரவு எத்தனை மணிக்குப் படுப்பீர்கள், வீட்டில் கைக்குழந்தை உண்டா, முழங்காலிலோ இடுப்பிலோ பழைய வலி உண்டா, எந்தப் போட்டி, எந்தத் தேதி என்று அரை மணி நேரம் விசாரிப்பார். அப்படி விசாரிக்கிறவர் உங்களுக்காகத் திட்டம் போடப் போகிறார். எதையும் கேட்காமல் கட்டண விவரத்தை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவரிடம் திட்டம் ஏற்கெனவே தயாராக இருக்கிறது. அதன் தலைப்பில் உங்கள் பெயரைப் போட்டுத் தருவார்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அந்தக் கதைக்கு முன், பயிற்சி என்றால் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். அது புரியாமல் கோச்சை எடைபோட முடியாது.

சைக்கிள் மிதிக்கிற நேரத்தில் கால் வலுப்பெறுவதில்லை, களைத்துப்போகிறது. ஓய்விலும் சாப்பாட்டிலும் தூக்கத்திலும்தான் உடம்பு அந்தக் களைப்பைச் சரிசெய்து, அடுத்த முறை தாங்குவதற்காக முன்பைவிடக் கொஞ்சம் அதிகமாகக் கட்டிக்கொள்கிறது. ஆகவே எவ்வளவு களைப்பது, எவ்வளவு ஆறுவது என்ற அளவுதான் பயிற்சியின் உயிர். அளவு குறைந்தால் முன்னேற்றம் இல்லை. கூடினால் வாரக்கணக்கில் பின்னுக்குப் போவோம். அந்த அளவு ஆளுக்கு ஆள் மாறும். ஒரே ஆளுக்கே மாதத்துக்கு மாதம் மாறும். கோச் வேலை என்பது இந்த அளவைத் திரும்பத் திரும்பத் திருத்துவது.

அளவு என்றால் அளக்க ஏதாவது வேண்டும். இன்று ரேஸ் ஓட்டுகிறவர்கள் பேச்சில் அடிக்கடி அடிபடும் சொல் எஃப்டிபி. ஏறக்குறைய ஒரு மணி நேரம் விடாமல் தாக்குப்பிடிக்கக்கூடிய உச்ச உழைப்பு, வாட் கணக்கில். ஒரு மணி நேரம் அப்படி மிதித்துப் பார்ப்பது கொடுமை என்பதால், 20 நிமிடம் முழு மூச்சாக மிதித்து, வரும் சராசரியில் 95 சதவீதத்தை எடுத்துக்கொள்வது வழக்கம். 20 நிமிடத்துக்கு 240 வாட் வந்தால் எஃப்டிபி 228. ஆள் 68 கிலோ என்றால் கிலோவுக்கு 3.35 வாட். மலை ஏற்றத்தில் இந்தக் கடைசி எண்தான் பேசும். ஆண்ட்ரூ கோகன் என்ற அமெரிக்க உடலியல் அறிஞர் வகுத்த முறையில், எஃப்டிபியை வைத்து ஏழு மண்டலங்கள் பிரிப்பார்கள். இரண்டாவது மண்டலம், மணிக்கணக்கில் பேசிக்கொண்டே ஓட்டக்கூடிய நிதானம், 56 முதல் 75 சதவீதம். நம் 68 கிலோ ஆளுக்கு 128 முதல் 171 வாட். நான்காவது மண்டலம், பேச்சு ஒற்றைச் சொல்லாகக் குறுகும் இடம், 91 முதல் 105 சதவீதம். அதாவது 207 முதல் 239 வாட்.

இந்த எண்களைச் சற்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். என் கதை இங்கேதான் வருகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் நண்பர்கள் மூன்று பேர் ஒரே கோச்சிடம் சேர்ந்தோம். நாங்கள் மூவரும் ஞாயிறு காலை ஐந்து மணிக்கு சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலையான ஈசிஆரில் ஒன்றாக ஓட்டுகிறவர்கள். கோச் எஃப்டிபி எவ்வளவு என்று கேட்டார். எப்படி அளந்தாய் என்று கேட்கவில்லை. வீட்டுக்குள் சைக்கிளைப் பொருத்தி மிதிக்கும் ட்ரெய்னர் காட்டிய எண்ணை நான் சொன்னேன்: 260. அது கூடுதலாகக் காட்டும் இயந்திரம் என்பது எனக்கு அப்போது தெரியாது. 12 வாரத் திட்டம் வந்தது. செவ்வாய்க்கிழமை எட்டு நிமிடம் வீதம் நான்கு இன்டர்வல் (இடையில் ஆறவிட்டுக் கடினமாக மிதிக்கும் சுற்று), வியாழன் இன்னொன்று, மற்ற நாள்களில் "நிதான ஓட்டம், 195 வாட் வரை".

என் உண்மையான எஃப்டிபி 228 என்று பிறகு அளந்தபோது தெரிந்தது. 195 வாட் என்பது அதில் 86 சதவீதம். ஓய்வாக ஓட்ட வேண்டிய நாளிலெல்லாம் நான் அரை ரேஸ் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். ஐந்தாவது வாரம் காலையில் எழுந்ததும் பார்க்கிற நாடித்துடிப்பு 52லிருந்து 60க்கு ஏறியது. முட்டுக்காடு பாலத்தின் சின்ன மேட்டில் கியரை இறக்கியும் தொடை கனத்தது. இட்லி ஆறிவிட்டது என்று மகளிடம் எரிந்து விழுந்தேன். கோச்சுக்கு எழுதினேன். "இன்னும் கொஞ்சம் மன உறுதி வேண்டும்" என்று பதில் வந்தது.

அடுத்த ஞாயிறு கோவளத்தில் டீ குடிக்கும்போது மூவரும் போனை நீட்டி ஒப்பிட்டோம். மூன்று திட்டமும் ஒன்றே. புதன்கிழமைக் குறிப்பில் இருந்த எழுத்துப்பிழைகூட மூன்றிலும் ஒன்றே. எங்களில் ஒருவர் இரவு ஷிப்ட் பார்க்கிறவர். இன்னொருவருக்கு 52 வயது. எனக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். அந்த மனிதர் கெட்டவர் இல்லை. சேர்த்துக்கொண்ட ஆட்கள் அதிகம், பார்க்க நேரம் இல்லை. ஆனால் ஐந்து வார உழைப்பு போனது போனதுதான். அந்த வருட ரேஸும் போனது.

ஆகவே ஒரு கோச்சிடம் நீங்கள் கேட்க வேண்டியவற்றில் முதலாவது, இப்போது எத்தனை பேரைப் பார்க்கிறீர்கள் என்பது. வேறு வேலையில் இருந்துகொண்டு மாலையில் மட்டும் கோச்சிங் செய்கிறவர் ஐம்பது பேரைச் சேர்த்திருந்தால் உங்கள் கோப்பைத் திறந்து பார்க்கக்கூட அவருக்கு நேரம் இருக்காது. இரண்டாவது, எனக்குக் காய்ச்சல் வந்து ஐந்து நாள் ஓட்டாவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். "விட்டதை அடுத்த வாரம் சேர்த்து ஓட்டிவிடலாம்" என்றால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். விட்டுப்போனதை விட்டுவிட்டு, இரண்டு மூன்று நாள் மெதுவாக ஓட்டவைத்து, நாடித்துடிப்பைப் பார்த்து, அதற்குப் பிறகே பழைய திட்டத்துக்கு வர வேண்டும். இதைக் கேட்காமலே சொல்கிறவர் பல பேரைப் பார்த்துப் பழகியவர். மூன்றாவது, அவரிடம் பயிற்சி எடுத்த இரண்டு பேரிடம் பேச வேண்டும் என்று சொல்லுங்கள். ஜெயித்தவரிடம் பேசுவதைவிட, உங்களைப் போல வேலையும் குடும்பமுமாக இருக்கிற ஒருவரிடம் பேசுவது அதிகம் பயன்படும். திட்டம் எத்தனை முறை மாறியது என்று அவரிடம் விசாரியுங்கள்.

சான்றிதழ் இருக்கிறதா என்று பார்ப்பதில் தவறில்லை. பட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டுப் பயிற்சி நிறுவனம் பயிற்சியாளர்களுக்கான பட்டயப் படிப்பு நடத்துகிறது. உலக சைக்கிள் கூட்டமைப்பான யுசிஐ, ஸ்விட்சர்லாந்தின் எய்க்ள் நகரத்தில் உள்ள தன் மையத்தின் வழியாகக் கோச்சுகளுக்குப் பயிற்சி தருகிறது. படித்தவர் என்றால் அடிப்படை தெரிந்திருக்கும், அவ்வளவுதான். பழைய சாம்பியன் என்பதும் அப்படியே. தனக்குச் சரிப்பட்டதை எல்லோருக்கும் கொடுக்கிற பழைய சாம்பியன்களைப் பார்த்திருக்கிறேன். ரேஸில் தோற்றுத் தோற்று ஏன் என்று தேடிப் படித்தவர் நல்ல கோச் ஆனதையும் பார்த்திருக்கிறேன்.

இனி, எந்தப் போட்டி என்ற கேள்வி. சாலை ரேஸில் காற்றோடுதான் பெரிய சண்டை. முன்னால் போகிறவரின் சக்கரத்தை ஒட்டி ஓட்டினால் நான்கில் ஒரு பங்குக்கு மேல் உழைப்பு மிச்சமாகும். அதனால் சமதளத்தில் கூட்டம் பெரும்பாலும் சேர்ந்தே நகரும். நாலைந்து தருணங்களில் யாராவது திடீரென்று பாய்வார்கள். அப்போது இரண்டு மூன்று நிமிடம் உயிரைக் கொடுத்து ஒட்டிக்கொள்கிறவர் மிஞ்சுவார். மற்றவர் பின்தங்குவார். அதற்கு வேண்டியது ஐந்து நிமிடத் திறனும், அதைத் திரும்பத் திரும்பச் செய்கிற திறனும்.

மலை வேறு கணக்கு. 2008ல் தொடங்கி நடந்துவரும் டூர் ஆஃப் நீலகிரிஸை எடுத்துக்கொள்ளுங்கள். பல நாள், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர், இடையிடையே நேரம் கணக்கிடும் போட்டிப் பகுதிகள். அதில் மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். நம் 68 கிலோ ஆள் மேலே போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அங்கே பின்னால் ஒட்டிக்கொள்வதில் லாபம் கிடையாது, ஏனென்றால் வேகமே இல்லை. கிலோவுக்கு எத்தனை வாட், அதை எத்தனை நிமிடம் என்பதுதான் கேள்வி. கல்லட்டிக்குத் தயாராகிறவரும் ஈசிஆரில் கூட்டத்தோடு ஓட்டப் போகிறவரும் ஒரே திட்டத்தில் இருந்தால் அது இருவருக்கும் உதவாது. சென்னையில் இருக்கிறவருக்குப் பக்கத்தில் மலை இல்லை. ட்ரெய்னரில் முன்சக்கரத்தைச் செங்கல் வைத்து உயர்த்தி, குறைந்த கேடன்ஸில் (மிதி சுழலும் வேகத்தில்) 20 நிமிடம் மிதிக்கச் சொல்லி, மாதம் ஒருமுறை 14 வளைவு ஏலகிரிக்கோ 20 வளைவு ஏற்காட்டுக்கோ அனுப்புகிற கோச் உங்கள் ஊரை யோசித்திருக்கிறார்.

ஊரை யோசிப்பது என்றதும் வெயில் ஞாபகம் வருகிறது. ஐரோப்பாவில் எழுதிய திட்டங்கள் நாடித்துடிப்பை வைத்து ஓட்டச் சொல்லும். மே மாதம் சென்னையில் காலை ஏழரைக்கு அதே வாட்டில் ஓட்டினாலும் நாடித்துடிப்பு நிமிடத்துக்குப் பத்துக்கு மேல் ஏறிவிடும். உடம்பு குளிர்வதற்காகத் தோலுக்கு ரத்தத்தை அனுப்புகிறது, வியர்வையில் நீர் குறைகிறது, இதயம் கூடுதலாக அடிக்கிறது. இது தெரியாத கோச் நீங்கள் உடம்பு கெட்டுப்போய்விட்டீர்கள் என்பார், அல்லது வாட்டை மட்டும் பார்த்து இன்னும் மிதி என்பார். வெயிலுக்கு உடம்பு பழக ஏறக்குறைய இரண்டு வாரம் பிடிக்கும் என்பதையும் அந்த நாள்களில் கடின இன்டர்வலைக் குறைக்க வேண்டும் என்பதையும் அறிந்தவரிடம் சேருங்கள். அவர் வெளிநாட்டில் இருந்தால் உங்கள் ஊரின் வெயிலையும் ஈரப்பதத்தையும் பற்றிக் கேட்கிறாரா பாருங்கள்.

வாட்டை அளக்கும் பவர் மீட்டர் இல்லாமல் முடியுமா என்று பலர் கேட்கிறார்கள். முடியும். மார்பில் கட்டுகிற நாடித்துடிப்புப் பட்டையும், ஒன்றிலிருந்து பத்துக்குள் இன்று எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று நேர்மையாக எழுதுகிற நோட்டும் போதும். முதல் வருஷத்துக்கு நான் இதைத்தான் சொல்வேன். முதலில் பவர் மீட்டர் வாங்கினால்தான் சேர்த்துக்கொள்வேன் என்கிற கோச்சைவிட, இருப்பதை வைத்துத் தொடங்குகிறவர் மேல்.

அதேபோல், முதல் வருஷத்தில் கோச்சே தேவைப்படாமலும் இருக்கலாம். ஒழுங்காக வாரத்துக்கு ஐந்து நாள் ஓட்டினாலே அந்த வருஷம் முன்னேற்றம் வரும். ஆயத்தத் திட்டங்கள் மலிவு. ஜோ ஃப்ரீல் என்ற கோச் 1996ல் எழுதிய சைக்கிள் பயிற்சி நூலிலிருந்து இன்றைய செயலிகள் வரை, அடிப்படை ஒன்றுதான்: மூன்று வாரம் ஏற்று, ஒரு வாரம் இறக்கு. சில செயலிகள் நீங்கள் இன்டர்வலை முடிக்காவிட்டால் அடுத்ததைத் தானே குறைக்கின்றன. அது நல்ல வசதி. ஆனால் நேற்று இரவு மாமியாரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு மூன்று மணிக்குப் படுத்தீர்கள் என்பதைச் சொன்னால்தான் செயலிக்குத் தெரியும்.

பெரிய வீரர்களின் திட்டத்தைப் பிரதி எடுப்பது இப்போது ஒரு காய்ச்சல். சைக்கிள் சாம்பியன் பொகாச்சார் மணிக்கணக்கில் இரண்டாம் மண்டலத்தில் ஓட்டுகிறார், ஆகவே நானும் என்கிறார்கள். நார்வேயில் பணியாற்றும் ஸ்டீஃபன் ஸைலர் என்ற ஆய்வாளர், உச்ச நிலை வீரர்களின் பயிற்சி நாள்களில் ஐந்தில் நான்கு நிதானமானவை என்று காட்டினார். உண்மைதான். ஆனால் அவர்களில் பலர் வாரத்துக்கு 20, 25 மணி நேரம் ஓட்டுகிறார்கள். அவ்வளவு நேரத்தையும் கடினமாக ஓட்டினால் ஆள் தாங்க மாட்டார். ஆறரை மணி நேரக்காரர் அந்தப் பங்கீட்டை அப்படியே எடுத்தால் கடினப் பயிற்சிக்கு மிஞ்சுவது வாரத்தில் ஒரே ஒரு நாள். அவருக்கு இரண்டு நாள் உருப்படியான கடினம், ஒரு நீண்ட ஓட்டம், மற்றவை உண்மையிலேயே மெதுவாக, இதுவே பொருந்தும் என்பது என் அனுபவம். அந்த "உண்மையிலேயே" என்ற சொல்லைத்தான் நான் ஒரு காலத்தில் 195 வாட்டில் தொலைத்தேன்.

கோச் இல்லாமலே ஒலிம்பிக்கில் ஜெயித்தவர் இருக்கிறாரே என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறார், ஆஸ்திரியாவின் அன்னா கீசன்ஹோஃபர். கணிதத்தில் முனைவர். 2021 ஜூலை 25 அன்று டோக்கியோ ஒலிம்பிக்கின் பெண்கள் சாலை ரேஸ், 137 கிலோமீட்டர். தொடக்கத்திலேயே சிலரோடு பிரிந்து போனார். 40 கிலோமீட்டர் மீதமிருக்கும்போது அவர்களையும் விட்டுத் தனியாகப் போனார். ஒலிம்பிக்கில் காதில் ரேடியோ கிடையாது. பின்னால் வந்த நெதர்லாந்தின் அன்னமீக் வான் ஃப்ளூட்டன் தானே முதல் என்று நினைத்துக் கையை உயர்த்திக்கொண்டு கோட்டைத் தாண்டினார். கீசன்ஹோஃபர் அவருக்கு 1 நிமிடம் 15 விநாடி முன்பே வந்து சேர்ந்திருந்தார். அப்போது அவருக்குத் தொழில்முறை அணி எதுவும் இல்லை. பயிற்சி, சாப்பாடு, வெயிலுக்கு உடம்பைப் பழக்குவது, ரேஸ் உத்தி எல்லாம் தன் திட்டமே என்றார்.

இந்தக் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அவர் கோச் வேலையை ஒழித்துவிடவில்லை, அந்த வேலை முழுவதையும் தானே எடுத்துச் செய்தார். அளந்தார், எழுதினார், சோதித்தார், திருத்தினார். உங்களுக்கு அதில் ருசி இருந்தால், ஞாயிறு மாலை ஒரு மணி நேரம் போன வாரக் கணக்கோடு உட்கார முடிந்தால், நீங்களே உங்கள் கோச்சாக இருக்கலாம். எனக்கு அந்தப் பொறுமை உண்டு. ஆனால் "இன்று வேண்டாம், படு" என்று எனக்கே சொல்லிக்கொள்ளும் தைரியம் கிடையாது. அதற்காகத்தான் பணம் கொடுத்து ஒருவரை வைத்திருக்கிறேன்.

கூட்டத்தில் ஓட்டுவதும், வளைவில் இறங்குவதும் தூரத்திலிருந்து சொல்லிக்கொடுக்கக் கூடியவை அல்ல. முழங்கையோடு முழங்கை உரசும்போது பதறாமல் இருப்பதற்குப் பக்கத்தில் ஆள் வேண்டும். கோச் ஆன்லைனில் இருந்தால், வாரம் ஒருமுறையாவது உள்ளூர் கூட்டத்தோடு ஓட்டுங்கள். அனுபவப்பட்ட ஒரு அண்ணனையோ அக்காவையோ பின்னால் வந்து பார்க்கச் சொல்லுங்கள்.

பிள்ளைகளைச் சேர்க்கும் பெற்றோருக்குத் தனியாகச் சில வார்த்தைகள். கோச் பெண்பிள்ளையின் எடையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் எச்சரிக்கையாக இருங்கள். மாதவிலக்கு நின்றுபோவது உடற்தகுதியின் அடையாளம் அல்ல, சாப்பாடு போதவில்லை என்று உடம்பு எழுப்பும் அபாயக் குரல். அதைக் கோச் அறிந்திருக்க வேண்டும், அதைப் பற்றிப் பேசக் கூச்சப்படாதவராக இருக்க வேண்டும். 2022ல் ஸ்லோவேனியாவில் நடந்த பயிற்சி முகாமில் இந்தியச் சைக்கிள் வீராங்கனை ஒருவர் கோச் மீது பாலியல் அத்துமீறல் புகார் கொடுத்தார். முகாம் பாதியில் நின்றது, அந்தக் கோச்சின் ஒப்பந்தத்தை இந்திய விளையாட்டு ஆணையம் ரத்துசெய்தது. தேசிய அணியிலேயே நடந்தது. வெளியூர்ப் பயணத்தில் யார் உடன் வருகிறார்கள், யார் எந்த அறையில் தங்குகிறார்கள் என்று கேட்பது உங்கள் உரிமை. அந்தக் கேள்விக்கு முகம் சுளிக்கிறவரிடம் பிள்ளையை அனுப்பாதீர்கள்.

ஊக்கமருந்து விஷயத்தில் ஒரே பேச்சு. சைக்கிள் வீரர் லேன்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங்குக்குப் பயிற்சி கொடுத்த மிகேலே ஃபெராரி ஒரு மருத்துவர், கணக்கில் கெட்டிக்காரர். 2012ல் அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு அவருக்கு ஆயுள் தடை விதித்தது. இங்கே அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. பெயர் ஒட்டாத பொடி டப்பாவை நீட்டி "இதை மட்டும் காலையில் குடி" என்றாலே போதும், விலகிவிடுங்கள். உடம்பில் தடைசெய்த பொருள் இருந்தால் யார் கொடுத்தது என்பதைப் பார்க்காமல் வீரரைத்தான் பொறுப்பாக்குவார்கள். சளி மருந்துக்கும் இது பொருந்தும்.

சேர்ந்துவிட்டீர்கள் என்றால் மூன்று மாதம் கொடுங்கள். நான்கு வாரத்தில் முடிவுகட்ட வேண்டாம், களைப்பு மறைத்துக்கொண்டிருக்கும். தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே இடத்தில், ஒரே டயர் காற்றில், ஒரே ட்ரெய்னரில் அளந்து பாருங்கள். எண் ஏறாமலும் இருக்கலாம். அப்போது கோச் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள். எதை மாற்றப் போகிறார், ஏன் என்று சொல்ல வேண்டும்.

பணம் கொடுப்பதற்கு முன் ஒரு வேலை பாக்கி. பயிற்சிக் கணக்கை உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கடவுச்சொல்லில் தொடங்குங்கள். கோச்சுக்குப் பார்க்கவும் திட்டத்தை எழுதவும் மட்டும் அனுமதி கொடுங்கள். முதல் கோச்சை விட்டு வந்தபோது என் ஐந்து வாரக் கோப்புகள் அவருடைய கணக்கிலேயே இருந்தன, திரும்பக் கிடைக்கவில்லை. அடுத்த கோச் கேட்டபோது அவரிடம் காட்ட என்னிடம் இருந்தது காலை நாடித்துடிப்பை எழுதிவைத்த ஒரு பழைய டைரி மட்டும். 52, 52, 53, 55, 58, 60. அவர் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார். பத்து நாள் கழித்துத்தான் முதல் பயிற்சியே கொடுத்தார்: நாற்பது நிமிடம், நூறு வாட்டுக்குக் கீழே, தண்ணீர் பாட்டில் இரண்டு.